யார் வேண்டுமானாலும் அடிக்கலாம்

பாப்பாவுக்கு அப்போது நாற்பதை நெருங்கும் வயது. கடைக்குட்டி என்பதால் ஒட்டிக்கொண்ட பெயர், நெற்றியோரம் நரை எட்டிப் பார்த்த பிறகும் போகவில்லை. கல்யாணம் வேண்டாமென்று இருந்துவிட்டவள். அடுத்த தெருவில் தனியாக ஒரு அறை எடுத்திருந்தாலும் பகல் முழுக்க அண்ணன் வீட்டில்தான். வீட்டுக்குப் பின்னால் இருந்த நீளமான அறைதான் அவர்களுடைய பட்டறை. அண்ணன் தோல் வெட்டுவான், அண்ணி தைப்பாள், பர்ஸிலும் டைரி உறையிலும் தங்க எழுத்து அடிப்பது பாப்பா.

பழைய மெஷின் சின்னது. சூடான அச்சுக்குக் கீழே தோலை வைத்து, மேலே தங்கநிற ஃபாயில் தாளைப் பிடித்து, ஒவ்வொன்றுக்கும் கைப்பிடியை இழுத்து அழுத்த வேண்டும். கம்பெனி ஆர்டர்கள் மூட்டை மூட்டையாக வர ஆரம்பித்ததும் பாப்பாவின் வலது மணிக்கட்டு வீங்கிப்போனது. துணியைச் சுற்றிக்கொண்டு வேலை செய்தாள். கேட்டால் ஒன்றுமில்லை என்பாள். தண்ணீர்ச் சொம்பை அவள் இடது கையால் எடுப்பதை அண்ணி பார்த்துக்கொண்டேதான் இருந்தாள். இருக்கிற மெஷின் ஓடுகிறதே என்று இழுத்தடித்த அண்ணனை நச்சரித்துச் சம்மதிக்க வைத்து, ஒருநாள் நாத்தனாரைக் கூட்டிக்கொண்டு மெஷின் கடைக்குக் கிளம்பினாள்.

கடைக்காரர் வழவழப்பான அட்டையில் அடித்துக் காட்டினார். எழுத்து கண்ணாடி மாதிரி விழுந்தது. பாப்பா அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. பையிலிருந்து தோல் துண்டுகளை எடுத்து மேசையில் பரப்பினாள்.

"அட்டையில எல்லாமே நல்லாத்தான் விழும். எங்க தோல்ல அடிங்க."

மாட்டுத்தோலில் சுலபமாக விழுந்தது. சொரசொரப்பான ஆட்டுத்தோலில் எழுத்து அங்கங்கே பொத்தல் விட்டது. பாப்பா நகத்தால் சுரண்டிப் பார்த்தாள், ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். சூடு ஒரே அளவில் நிற்குமா, ஃபாயில் சுருள் தானாக நகரும்போது எவ்வளவு வீணாகும், பெரிய அச்சு போட்டால் ஓரங்களில் அழுத்தம் குறையுமா என்று கேட்டுத் துளைத்தாள். போதும்டி, மனுஷனை விடு என்று அண்ணி சிரித்தாள்.

"உங்கள அண்ணனுக்குப் பாக்கறப்ப நாங்க இதுல பாதிகூட விசாரிக்கல அண்ணி. அதான் இப்ப உஷாரா இருக்கேன்."

கடைக்காரரும் சேர்ந்து சிரித்தார்.

கடைசியில் இரண்டு மெஷின்கள் தேறின. ஒன்று, பழையதைப் போலவே கையால் இழுப்பது, ஆனால் பெரியது, சூடு காட்டும் திரையோடு. மற்றது காற்றழுத்தத்தில் ஓடுவது, காலால் பெடலை மிதித்தால் போதும். பாப்பாவுக்கு முதலாவது பிடித்திருந்தது. தோல் எவ்வளவு அழுத்தம் வாங்குகிறது என்பது கைக்குத்தான் தெரியும் என்றாள். அண்ணியின் கண் அவள் மணிக்கட்டில் சுற்றியிருந்த துணியிலேயே இருந்தது.

பாப்பா துண்டுகளைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டிருந்தபோது அண்ணி பெடல் மெஷினைக் காட்டிக் கடைக்காரரிடம் கேட்டாள்:

"இத யார் வேணா ஓட்டலாமா?"

"யார் வேணா அடிக்கலாம்மா. பழகின ஆளே தேவையில்ல."

"அப்ப இதையே குடுத்துடுங்க. இனிமே பாப்பாவ நம்பிக்கிட்டு இருக்க வேண்டாம்."

கை வலிக்கிற நாளில் அவள் நிம்மதியாகப் படுத்துக் கிடக்கலாம் என்பதுதான் அண்ணியின் மனதில் இருந்தது. அதில் பாதிதான் வாய்க்கு வந்தது. பாப்பா பையின் வாயைக் கட்டினாள்.

"நல்ல மெஷின்தான் அண்ணி. வாங்கிடுங்க" என்றாள்.

மெஷின் வந்து இறங்கியது. பாப்பாவே அச்சைப் பொருத்தி, எந்தத் தோலுக்கு எவ்வளவு சூடு என்று அண்ணிக்குப் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தாள். அண்ணிக்குக் கை திருந்தியதும், ஊரின் மறுகோடியில் இருந்த புத்தக பைண்டிங் கூடத்தில் வேலைக்குச் சேரப்போவதாகச் சொன்னாள். அறையையும் அந்தப் பக்கமே மாற்றிக்கொண்டாள். ஏன் என்று அண்ணி ஒரே ஒருமுறை கேட்டாள். சும்மா, ஒரு மாறுதலுக்கு என்று பதில் வந்தது.

அண்ணிக்கு அது சுருக்கென்றது. பாப்பாவின் கைக்காக ஒற்றைக் காலில் நின்று வாங்கிய மெஷின். வசதி வந்த நேரத்தில் உதறிவிட்டுப் போகிறாளே என்று உள்ளுக்குள் புழுங்கினாள். போனால் போகட்டும் என்று வீம்பாக இருந்துவிட்டாள். வருஷங்கள் ஓடின. பாப்பா அவ்வப்போது வந்தாள், சாப்பிட்டாள், பிள்ளைகளின் படிப்பை விசாரித்தாள். பேச்சு எல்லாம் விருந்தாளிப் பேச்சாக இருந்தது. கிண்டல் போய்விட்டது. பட்டறைப் பக்கம் அவள் எட்டிப் பார்ப்பதே இல்லை.

மெஷின் நன்றாகவே உழைத்தது. ஆட்டுத்தோலில் மட்டும் எழுத்து பிசிறடித்தது. அண்ணி சூட்டை ஏற்றியும் இறக்கியும் பார்த்துவிட்டு, கடைசியில் ஆட்டுத்தோல் ஆர்டர் எடுப்பதையே நிறுத்திவிட்டாள்.

பிறகு ஒருநாள் சூடேற்றும் பாகம் பழுதாகி, அதே கடைக்குப் போனாள். கடைக்காரர் அடையாளம் கண்டுகொண்டார். ஆட்டுத்தோல் பற்றி அண்ணி குறைப்பட்டதும் அவர் ஆச்சரியப்பட்டார். அன்று கூட வந்த அம்மா அதற்கு வழி கண்டுபிடித்திருப்பாரே என்றார்.

"மெஷின் வாங்கின மறுநாள் அவங்க போன் பண்ணாங்க. நெசமாவே இதுக்குப் பழகின ஆள் வேணாமான்னு கேட்டாங்க. ஆமாம்மா, வேணாம்னு சொன்னேன். நாங்க விக்கிறதுக்குச் சொல்றதுதானே அது. சரிங்க, அப்ப நான் இருந்து என்ன ஆகப்போகுதுன்னு வச்சிட்டாங்க. எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு."

அந்தக் கடையில் தான் சொன்ன வார்த்தை அப்போதுதான் அண்ணியின் காதிலேயே விழுந்தது. பழுதான பாகத்தை அங்கேயே வைத்துவிட்டு, வீட்டுக்குப் போகாமல் நேராக பைண்டிங் கூடத்துக்குப் பஸ் ஏறினாள்.

பாப்பா ஒரு கனத்த புத்தகத்தின் ஆட்டுத்தோல் முதுகில் தலைப்பு அடித்துக்கொண்டிருந்தாள். ஃபாயில் வைக்காமல் வெறும் சூட்டில் முதலில் ஒருமுறை அழுத்தி, சொரசொரப்பு படிந்த பிறகு ஃபாயிலை வைத்து மறுபடி அழுத்தினாள். அண்ணியைப் பார்த்ததும் பதறி எழுந்தாள். வீட்டில் யாருக்கு என்ன என்று கேட்டாள். யாருக்கும் ஒன்றுமில்லை என்று அண்ணி அவளை உட்காரவைத்துவிட்டு, நின்றபடியே சொன்னாள்:

"உன் கைக்காகத்தான்டி சொன்னேன். நீ வேணாம்னு சொல்லல."

பாப்பா கையிலிருந்த ஃபாயிலைச் சுருட்டி வைத்தாள்.

"தெரியும் அண்ணி. இங்க வந்த கொஞ்ச நாள்லயே புரிஞ்சிடுச்சு. இங்க அடிக்கிறது கம்மி. கை வலி விட்டதும்தான் யோசிக்கவே தோணுச்சு."

"அப்பறம் ஏன் வரல?"

"நீங்க கூப்பிடுவீங்கன்னு இருந்தேன்."

"நீயா வருவேன்னு நான் இருந்தேன்."

இப்போதாவது வந்துவிடேன் என்று அண்ணி கெஞ்சினாள். பாப்பா அந்தக் கூடத்தைச் சுற்றிப் பார்த்தாள். அப்போது கூப்பிட்டிருந்தால் ஓடி வந்திருப்பேன், இப்போது இந்த இடத்தில் வேர் விட்டுவிட்டது என்றாள். அதில் கோபம் இல்லை என்பதுதான் அண்ணியை அதிகம் வாட்டியது. கோபம் என்றால் பேசித் தீர்த்திருக்கலாம்.

வீட்டில் சொன்னபோது அண்ணன் தட்டைத் தள்ளி வைத்தான். உங்களுக்குள் ஏதோ மனஸ்தாபம், நடுவில் நுழைய வேண்டாம் என்று ஒதுங்கி இருந்துவிட்டேன் என்றான்.

அதற்குப் பிறகு பாப்பா அடிக்கடி வந்தாள். பழைய கிண்டல்கூட மெல்லத் திரும்பியது. ஆட்டுத்தோலுக்கு இரண்டு முறை அழுத்த வேண்டும் என்பதை அவளே போனில் சொன்னாள், அண்ணியும் அப்படியே செய்கிறாள், எழுத்து சுத்தமாக விழுகிறது. நன்றாக விழுந்த துண்டை அண்ணி சில சமயம் யாரிடமோ காட்டப்போகிறவள் போலத் தூக்கிப் பிடிப்பாள். பிறகு மற்றவற்றோடு அடுக்கி வைத்துவிட்டு, அடுத்த தோலை எடுத்துக்கொள்வாள்.