ஏழு டெலிகேற் வேணும்

இரவு வேலையால் வந்த மனுசன் சப்பாத்துக்கூடக் கழற்றாமல் ரீவிக்கு முன்னால் நிற்கிறார். இரண்டாயிரத்து எட்டு, பெப்ரவரி மாதம், காலை ஏழரை மணி. நான் பள்ளிக்கூடத்துக் குசினியில் சமைக்கிற வேலைக்கு வெளிக்கிட்டு, ஒரு கையில் கோட்டும் மறு கையில் வெண்ணெய் பூசிய பாண் துண்டுமாக அவரைத் தாண்டிப் போகப் பார்க்கிறேன். வழியை விட்டால்தானே. செபமாலைமுத்து என்ற இந்த மனுசனைக் கட்டி இருபத்தொரு வருசம். ஷிப்ட் முடித்து வந்தால் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுக் கட்டிலில் விழுகிற ஆள். ஆனால் தைப்பொங்கல் கழிந்த நாள் தொடக்கம் அமெரிக்கா என்ற பேய் பிடித்திருந்தது.

"இஞ்சை பாரும் றோஸ். நேற்று ஒரே நாளிலை இருபத்திச்சொச்சம் மாநிலம்!"

"ஆர் வெண்டது?"

"அதுதான் விசயம். ஒருத்தரும் வெல்லேல்லை. அவவுக்கும் கிடைச்சிருக்கு, மற்றவருக்கும் கிடைச்சிருக்கு."

"வெல்லாமல் என்ன கிடைக்கும்?"

"டெலிகேற்!" என்றார், ஏதோ நல்ல பாரை மீன் மலிவாகக் கிடைத்த மாதிரி.

பஸ் போய்விடும் என்று தெரிந்தும் நான் நின்று கேட்டேன். எனக்கும் புதினம் அறிகிற குணம் பொல்லாதது. அவர் விளங்கப்படுத்தினார். ஜனாதிபதிக்கு நாடு வாக்குப் போடுவது பிறகு, கார்த்திகையில்தான். அதற்கு முன்னம் கட்சிக்குள்ளேயே ஆரை நிறுத்துவது என்று மாநிலம் மாநிலமாகக் கேட்கிறார்கள். கேட்டு, சனம் சொன்ன விகிதத்துக்கு ஆட்களைத் தெரிவு செய்து கடைசி மாநாட்டுக்கு அனுப்புகிறார்கள். அந்த ஆட்கள்தான் டெலிகேற். சில இடங்களில் வாக்குச்சீட்டும் இல்லையாம். பள்ளிக்கூட ஹோலுக்குள் சனம் கூடி, தனக்குப் பிடித்தவருக்கென்று விட்ட மூலையில் போய் நிற்குமாம், தலையை எண்ணுவார்களாம்.

"அயலட்டை, சொந்தம் எல்லாரும் பார்த்துக்கொண்டு நிக்கவோ?"

"ஓம்."

"வெக்கமில்லையோ அதுகளுக்கு?"

இவருக்கு எந்த நாட்டிலும் வாக்குப் போட்ட அனுபவம் இல்லை. மன்னாரில் இவர் இளந்தாரியாக இருந்த காலத்தில் வாக்குச்சாவடிப் பக்கம் போகிறவனை, சுட்டுப்போடுவார்கள் என்ற பயத்தில், வீட்டார் கதவைப் பூட்டி மறித்தார்கள். பிறகு ஹொலண்டில் பதின்மூன்று வருசம். அந்த நாட்டுப் பாஸ்போர்ட் கைக்கு வந்த கையோடு லண்டனுக்கு மூட்டை கட்டினோம். அப்படிப்பட்டவர் அமெரிக்காக்காரருக்காகக் கண் முழித்துக் கணக்கெழுதுகிறாரே என்று எனக்கு ஒரே யோசனை. ஒருநாள் கேட்டேவிட்டேன். தமிழ்ச் சனலில் அந்த வருசம் வந்த ஊர்ச் சண்டைச் செய்திகளை நாங்கள் இரண்டு பேரும் பாதியில் நிறுத்திக்கொண்டிருந்த காலம் அது.

"ஒருத்தரும் சாகாமல் ஒரு தலைவரைப் பிடிக்கிறாங்கள், பாரும். எப்பிடி எண்டு பார்க்க ஆசையாக் கிடக்கு," என்றார். பிறகு நான் அவரைப் பகிடி பண்ணவில்லை.

இது எங்கள் வீட்டுக்குள் இருந்திருந்தால் வில்லங்கம் இல்லை. எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு லண்டனில் ஒரு பழைய மாணவர் சங்கம் இருக்கிறது. நூற்றிநாற்பது குடும்பம். மாதா கோயில் வேதக்காரரும் சைவக்காரரும் கலந்த ஊர், சங்கமும் அப்படித்தான். வாமதேவன் அண்ணை ஒன்பது வருசமாகத் தலைவர். மனோர் பார்க்கில் முருகன் கோயிலுக்குக் கிட்ட வீடு, நல்ல மனுசன், மேடையில் ஏறினால் மட்டும் இறங்கத் தெரியாது. நான் ஒன்பது வருசமாக உப செயலாளர். ஹோல் பிடிப்பது, கவுன்சிலுக்குக் கடிதம் போடுவது, நூற்றிநாற்பது வீட்டுக்கும் ரெலிபோன் எடுப்பது, அண்ணை வாசிக்கிற ஆண்டறிக்கையை எழுதுவது, எல்லாம் நான். ஒருமுறை நன்றியுரை சொல்ல விட்டார்கள். அதற்குள் சனம் சாப்பாட்டுக்கு எழும்பிவிட்டது.

எனக்குத் தலைவராக வர ஆசை. ஊருக்குச் சேவை, பிள்ளைகளின் எதிர்காலம் என்று சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். நடுக்கதிரையில் நான் இருக்க வேண்டும், நான் எழுதினதை நானே வாசிக்க வேண்டும், அவ்வளவுதான். அதை நான் ஒருவரிடமும் சொன்னதில்லை, இவரிடம்கூட. பதவி வேண்டும் என்று வாய் திறந்து கேட்கிற பொம்பிளையை எங்கள் சனம் என்ன சொல்லும் என்று எனக்குத் தெரியாதா? ஆம்பிளைகளே கேட்க மாட்டார்கள். ஆரும் பெயரைச் சொன்னால் "எனக்கு வேண்டாம், வேறை ஆரையும் பாருங்கோ" என்று கையை விரிக்க வேண்டும். சபை "நீங்கள்தான் இருக்கோணும்" என்று நெருக்க வேண்டும். மூன்றாம் தரம் நெருக்கிய பிறகு, பெருமூச்சு விட்டுக்கொண்டு சம்மதிக்க வேண்டும். வாமதேவன் அண்ணை ஒன்பது வருசமும் அப்படித்தான் பெருமூச்சு விட்டார்.

சங்கத்தின் மாசிக் கூட்டத்தில் என் மனுசன் எழும்பி, இந்தமுறை தலைவரை அமெரிக்க முறையில் தெரிவு செய்வோம் என்று சொன்னார். ஆட்கள் சிரிப்பார்கள் என்று நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஆனால் அண்ணையும் வீட்டில் அதே ரீவியைத்தான் பார்த்திருக்கிறார்! கதிரையை முன்னுக்கு இழுத்துக்கொண்டு, "நல்ல விசயம், எனக்குச் சுப்பர் டெலிகேற்றும் வேணும்," என்றார். கட்சிப் பெரியவர்கள் ஆருக்கும் கட்டுப்படாமல் தங்கள் விருப்பத்துக்கு வாக்குப் போடுகிற ஏற்பாடு அது. தலைவராக இருந்தவர்களுக்குத்தான் கொடுக்க வேண்டும் என்றார். ஒன்பது வருசமாக ஒரேயொரு தலைவர்தானே. இவர் சிரிக்காமல் "அது பிறகு பாப்பம்" என்று மறுத்துவிட்டார்.

லண்டனில் எங்கள் சனம் இருக்கிற இடத்துக்கு ஏற்ப டெலிகேற்றைப் பிரித்தார்கள். ஸ்ட்ரெதம் மூன்று, எட்மண்டன் நாலு, மனோர் பார்க் ஆறு. மொத்தம் பதின்மூன்று. ஏழு எடுப்பவர் தலைவர். விதிகளை இவர் இரண்டு பக்கத்தில் எழுதினார், தேர்தல் அதிகாரியும் இவரே. அண்ணையோடு ஆர் போட்டி என்று கேட்டபோது சபை கப்சிப். ஸ்ட்ரெதத்து மெற்றில்டா, வாய்க்காரி, "றோஸ் அக்காவைப் போடுங்கோ" என்றாள். "ஐயோ, எனக்கு வேண்டாம்" என்றேன். நெருக்கினார்கள். வேண்டாம் என்றேன். நெருக்கினார்கள். மூன்றாம் தரம் பெருமூச்சு விட்டேன். பெயர் ஏறிவிட்டது. வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "என்னப்பா?" என்று இவர் கேட்டார். ஒன்றுமில்லை என்றேன்.

பங்குனியில் ஸ்ட்ரெதம். ஹோலில் யன்னல் பக்கம் அண்ணைக்கு, குசினிப் பக்கம் எனக்கு. பிரித்தது இவர்தான், வீட்டுக்கு வந்து அதற்கு என்னிடம் வேறாக ஏச்சு வாங்கிக் கட்டினார். ஆனால் குசினியில் ரோல்ஸ் பொரித்துக்கொண்டிருந்தபடியால் சனம் தானாக என் பக்கம் அள்ளுண்டு வந்தது. இவர் விடவில்லை. கையில் தட்டு வைத்திருக்கிறவர்களின் தலையை எண்ண மாட்டேன் என்று நின்றார். தட்டைக் கீழே வைத்தவர்களை மட்டும் எண்ணியும் எனக்கு இரண்டு, அண்ணைக்கு ஒன்று.

சித்திரையில் எட்மண்டன். அங்கே பெரிய சோதனை. ஒருவரும் கதிரையை விட்டு எழும்பவில்லை. எழும்பி ஒரு பக்கம் போனால் மற்றப் பக்கத்தின் முகத்தில் எப்படி முழிப்பது? மச்சாளும் மச்சாளும், சம்பந்தியும் சம்பந்தியும் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் பெர்னடெற் என்ற பிள்ளை எழும்பி என் பக்கம் வந்தாள். அவளுடைய புருசன் எழும்பி யன்னல் பக்கம் போனான். அதைப் பார்த்த பிறகு மற்ற வீடுகளும் பாதி பாதியாகப் பிரிந்து, ஆருக்கும் மனம் நோகாமல் இரண்டுக்கு இரண்டு. அந்தப் புருசனும் பெஞ்சாதியும் ஒரு கிழமை கதைக்கவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். இவருக்கோ ஒரே சந்தோசம். "பாத்தீரோ, தமிழ்ச்சனமும் பிரிஞ்சு நிண்டிட்டு ஒண்டா ரீ குடிக்குது!"

அப்போ எனக்கு நாலு, அண்ணைக்கு மூன்று. மனோர் பார்க்கின் ஆறில் பாதி கிடைத்தால் எனக்கு ஏழு வந்துவிடும். நான் படுக்கையிலும் அந்தக் கணக்கையே போட்டேன். ஆனால் மனோர் பார்க் அண்ணையின் கோட்டை. அங்கேயும் பத்துப் பன்னிரண்டு பொம்பிளைகள், தங்கள் வீட்டாரையும் கூட்டிக்கொண்டு என் பக்கம் வருவோம் என்று இரகசியமாக ரெலிபோனில் சொல்லியிருந்தார்கள்.

வைகாசியில் ஒரு ஞாயிறு பின்னேரம், பூசை முடித்த கையோடு போனோம். எண்பது பேர் வரை வந்திருந்தார்கள். எண்ணுவதற்கு முன் வேட்பாளருக்கு ஆளுக்கு இரண்டு நிமிசம். அண்ணை பதினெட்டு நிமிசம் பேசினார், அதில் பன்னிரண்டு அமெரிக்கா. கைதட்டினார்கள். பிறகு என்னைக் கூப்பிட்டார்கள்.

எழுதிக்கொண்டு வந்த தாள் கையில் இருக்கிறது. தொடங்க வேண்டியதுதான். முன்வரிசையில் அண்ணையின் மனுசி அருள்நாயகி அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தா. சிரித்தது போதும், என் வாய் தன்பாட்டில் ஓடியது.

"எனக்கு உண்மையிலை பதவி ஆசை இல்லை. எனக்கு வேண்டாம். வாமதேவன் அண்ணையே இருக்கட்டும்."

சொல்லிவிட்டு நெருக்குவார்கள் என்று நின்றேன். நெருக்குவதற்கு அங்கே மெற்றில்டா இல்லை. வருவோம் என்று சொன்ன பொம்பிளைகள் தங்கள் கைப்பைக்குள் எதையோ தேடினார்கள். அண்ணையின் ஆட்களுக்கு என்னை நெருக்க என்ன விசர் பிடித்திருக்கிறதா? மேசையில் இவருடைய பேனை ஓடுகிற சத்தம் கேட்டது.

எட்டிப் பார்த்தேன். என் பெயருக்கு நேரே 'விலகினார்' என்று எழுதிக்கொண்டிருக்கிறார்.

"வேட்பாளர் மேரிறோஸ் விலகுறா," என்று சபைக்கு வாசித்தார். "விதி ஆறின்படி அவவின்ரை நாலு டெலிகேற்றும் விரும்பின ஆளுக்கு வாக்குப் போடலாம்."

"இஞ்சேருங்கோ, என்ன எழுதுறியள்?" என்றேன், பல்லைக் கடித்துக்கொண்டு.

"நீங்கள் சொன்னதைத்தான்."

இருபத்தொரு வருசத்தில் என்னை அவர் 'நீங்கள்' என்றது அன்றுதான்.

"நான் சொன்னது... அது சும்மா சொல்லுறதெல்லோ! உங்களுக்குத் தெரியாதே?"

"சும்மா சொல்லுறதுக்கு விதியிலை இடமில்லை." பேனையை எடுத்துவிட்டு நிமிர்ந்தார். "உங்களுக்குத் தலைவர் பதவி வேணுமோ, வேண்டாமோ? ஒரு சொல்லிலை சொல்லுங்கோ, எழுதோணும்."

கோபத்தில் எனக்குக் காது இரண்டும் சுட்டது. வீட்டுக்கு வாரும், உமக்கு இருக்கு என்று நினைத்தேன். ஆனால் அவருடைய முகத்தைப் பார்த்தால் அதில் பகிடியும் இல்லை, எரிச்சலும் இல்லை. காலையில் ரீவிக்கு முன்னால் சப்பாத்தோடு நிற்கிற அதே முகம். நான் என்ன சொல்லப் போகிறேன் என்று அறிய மெய்யாகவே ஆவலாக இருக்கிறார். இத்தனை வருசத்தில் இந்த மனுசன் என்னிடம் உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை.

"எனக்கு வேணும்," என்றேன்.

குரல் எழும்பவில்லை. பின்வரிசையில் ஆரோ "என்னவாம்?" என்றார்.

"எனக்கு வேணும்! எனக்குத் தலைவராய் வர விருப்பம். ஒன்பது வருசமாய் விருப்பம்."

ஆரோ ஒருத்தி "அம்மாடி" என்றாள். அருள்நாயகி அக்கா சிரிப்பை நிறுத்திவிட்டு என்னை உற்றுப் பார்த்தா. இவர் 'விலகினார்' என்பதை இரண்டு கோடு போட்டு வெட்டினார், கீழே கையெழுத்தும் வைத்தார். நெஞ்சுக்குள் லேசாக இருந்தது. தோற்றாலும் காரியமில்லை என்று எனக்கு நானே சொன்னேன். அது பச்சைப் பொய்.

அப்போதுதான் வாமதேவன் அண்ணை எழும்பினார். சால்வையைச் சரி செய்தார்.

"தங்கச்சி வாய் திறந்து கேட்டிட்டா. இதுக்குப் பிறகு நான் போட்டி போட்டால் மரியாதையில்லை. நானும் அவவின்ரை பக்கம்தான்." சொல்லிக்கொண்டே ஹோலைக் குறுக்கே நடந்து குசினிப் பக்கம் வந்து எனக்கு அருகே நின்றார்.

சபை திகைத்துப் போனது. அண்ணை சபையைப் பார்த்துக்கொண்டு நின்றார். முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு. கை இரண்டும் முன்னால் கோத்தபடி. அவர் எதற்காகக் காத்து நிற்கிறார் என்று அந்த ஹோலில் என்னைவிட ஆருக்கு விளங்கியிருக்கும்? இரண்டு நிமிசத்துக்கு முன் நானும் அப்படித்தான் நின்றேன். ஒரு குரல் போதும். "அதெப்பிடி அண்ணை, நீங்கள்தான் இருக்கோணும்" என்று ஒரே ஒரு குரல்.

முன்வரிசையில் இருந்த அவருடைய சிநேகிதர் நரசிம்மன் மேசையில் என் மனுசனின் பேனையைப் பார்த்தார், அண்ணையைப் பார்த்தார். "அண்ணை போன பக்கம்தானே நாங்களும்," என்று முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழும்பினார். அவருக்குப் பின்னால் இன்னொருவர். பிறகு ஒரு வரிசை. கதிரைகள் இழுபடத் தொடங்கின. கைப்பைக்குள் தேடிக்கொண்டிருந்த பொம்பிளைகள் பைகளைப் பூட்டிக்கொண்டு எழும்பினார்கள். யன்னல் பக்கம் ஒருவரும் இல்லை.

அண்ணையின் சிரிப்பு அப்படியே இருக்க, கண் மட்டும் என் பக்கம் திரும்பியது. "நீங்கள்தான் இருக்கோணும் அண்ணை" என்ற வசனம் என் நாக்கு நுனியில் இருந்தது. சின்ன வயது தொடக்கம் பழகிய வசனம், யோசிக்கத் தேவையில்லை, வாயைத் திறந்தால் தானாக வரும். மேசையில் இவர் பேனையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

நான் வாயைத் திறக்கவில்லை. சனம் நெருக்கிக்கொண்டு வந்தபடியால், அண்ணைக்கு நிற்க இடம் காணட்டும் என்று சேலையை ஒதுக்கிக்கொண்டு சுவரோடு கொஞ்சம் தள்ளி நின்றேன்.