கண்ணாடி பார்க்காத பேருந்து

இப்போதெல்லாம் யாரும் யார் முகத்தையும் பார்ப்பதில்லை. பேருந்தில் ஏறுகிறவன் கைபேசியைப் பார்த்தபடியே ஏறுகிறான், பார்த்தபடியே இறங்குகிறான். ஓட்டுகிறது மனிதனா மாடா என்றுகூடத் தெரியாது. அதனால்தான் ஓட்டுநரே இல்லாத பேருந்தைச் சாலையில் விட நிர்வாகத்துக்குத் துணிச்சல் வந்தது.

நான் பேருந்து ஓட்டி ஓய்ந்தவன். அதே பணிமனையில் இப்போது என் மகள் ஓட்டுகிறாள். புது வண்டி வந்தால் அவள் வேலை போய்விடும். அவளோ வெள்ளோட்டத்தன்று காலையிலிருந்தே தரையில் கால் பாவாமல் குதித்துக்கொண்டிருந்தாள்.

"உன் சோத்துல மண்ணு விழப்போகுது. உனக்கென்னடி இவ்வளவு சந்தோஷம்?"

"வண்டி நல்லாத்தான் ஓடும்பா. ஓடின பிறகு என்ன ஆகும்னுதான் ஒருத்தரும் யோசிக்கல. யாராவது ஓடி வந்தா நாம கண்ணாடியில பார்த்து நிறுத்துவோம்ல? இது நிறுத்தாது. மெதுவா நடக்கிறவங்க ரெண்டு தடவை வண்டிய விட்டுட்டா, அப்புறம் வீட்டை விட்டே கிளம்ப மாட்டாங்க. ஆளுக்காகக் காத்திருக்க இந்த வண்டிக்குச் சொல்லிக்கொடுக்கணும், அந்த வேலையை எனக்குக் குடுங்கன்னு மேனேஜர்கிட்ட கேட்டேன்."

"என்ன சொன்னாரு?"

"சிரிச்சாரு."

மேனேஜரோடு நாங்களும் ஏறிக்கொண்டோம். வண்டி அசைந்ததும் உள்ளே ஒரே கைதட்டல். பொய் சொல்வானேன், திருப்பத்தில் அது வளைந்த அழகைப் பார்த்து எனக்கே புல்லரித்தது. அடுத்த நிறுத்தத்தில், மருமகன் பெருமையைப் பார்க்க வந்த மேனேஜரின் மாமியார், முட்டியைப் பிடித்துக்கொண்டு கைகாட்டியபடியே நடைபாதையில் வந்தார். கதவு மூடிக்கொண்டது.

"நில்லு! நில்லு!" என்று மேனேஜர் காலியாக இருந்த ஓட்டுநர் இருக்கையைப் பார்த்துக் கத்தினார். வண்டி சொன்ன நேரத்துக்குச் சுத்தமாகக் கிளம்பியது.

"சார், இன்னிக்கு நீங்க வீட்டுப் பக்கம் போயிடாதீங்க!" என்று யாரோ குரல் கொடுக்க, சிரிப்பில் வண்டியே குலுங்கியது.

மேனேஜர் மெல்ல என் மகளிடம் வந்தார். "ஏம்மா, இன்னும் என்னென்ன நடக்கும்னு நினைக்கிற?"

அவ்வளவுதான், மடை திறந்துவிட்டது. "ஒருத்தர் மயங்கி விழுந்தா யாரு பார்ப்பா? பசங்க அடிச்சுக்கிட்டா யாரு அதட்டுவா? ஆனா சார், இதுக்குத் தூக்கமே கிடையாதே! நாம வண்டியே விடாத தெருவுக்கெல்லாம் இது போகும். ராத்திரி வேலை முடிஞ்சவங்க நடக்க வேண்டாம். அங்கயெல்லாம் விடிய விடியக் கடை திறப்பாங்க, பாருங்க!"

"நாளையிலிருந்து இதை யோசிக்கிறதுதான் உன் வேலை. முதல்ல இதுக்கு நிக்கக் கத்துக்கொடு."

"கேட்டியாப்பா!" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"கேட்டேன். யோசிக்கிறதெல்லாம் ஒரு வேலையா? நாளைக்கு அதையும் யோசிக்க ஒரு பெட்டியைக் கொண்டுவந்து வைப்பான்."

"வைக்கட்டுமே! அதுக்கப்புறம் என்னன்னு யோசிப்பேன்."

அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டேன்.

"எங்கப்பா போற? இதுலயே திரும்பிப் போகலாம்."

"நீ போ. எனக்குக் கால் இருக்கு" என்று சொல்லி நடக்க ஆரம்பித்தேன்.