நாற்பத்தொரு வாக்கு

வெள்ளிக்கிழமை காலை நகர மண்டபத்தில் வாக்குச்சீட்டுகளை இரண்டாம் முறையாக எண்ணிக்கொண்டிருந்தார்கள். ஈனிட் கார்ஸ்டாங்குக்கு இருப்புக் கொள்ளவில்லை. மேசைகளைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

"கொஞ்சம் உக்காரு தாயே, உன்னப் பாத்தா எனக்குத் தலை சுத்துது" என்றார் அவளுடைய தேர்தல் முகவர் கிளைவ்.

"தோத்துருவேன்னு சொல்லித்தானே நிக்க வச்சீங்க?"

"எல்லாரும் அப்படித்தான் நெனச்சோம்."

இப்போதைய ஆளுங்கட்சி அறுபது வருடமாகத் தோற்காத தொகுதி அது. நாடாளுமன்ற உறுப்பினர் இறந்து இடைத்தேர்தல் வந்தபோது, ஈனிட்டின் சின்னக் கட்சியில் நிற்க ஆள் கிடைக்கவில்லை. ஊரின் பிரசவ வார்டை மூடப்போகிறார்கள் என்ற கோபத்தில், இருபத்திரண்டு வருட மருத்துவச்சியான அவள் பெயர் கொடுத்திருந்தாள்.

பதினொரு மணிக்கு முடிவு வந்தது. நாற்பத்தொரு வாக்கு வித்தியாசத்தில் ஈனிட் வென்றிருந்தாள். தோற்ற ஆளுங்கட்சி வேட்பாளர் பெவரில் அவளுக்குக் கைகொடுத்து, "உங்களுக்கு ஓட்டுப் போட்டவங்கள்ல என் அக்காவும் உண்டு. வீட்ல சாப்பாடே எறங்கல" என்றார்.

ஈனிட் சிரித்தாள். மைக்கில் ஏதோ பேசினாள். பின்வாசல் வழியாக வெளியேறி, அன்று பார்க்க வேண்டியிருந்த நிறைமாதக் கர்ப்பிணி கிலியனின் வீட்டுக்குக் காரை ஓட்டினாள்.

கிலியன் கதவைத் திறந்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"ரேடியோல கேட்டேன் சிஸ்டர். நான் உங்களுக்குப் போடல."

"ஏம்மா?"

"நீங்க லண்டன் போயிட்டா எனக்கு யாரு பிரசவம் பாப்பா? தெருவுல இன்னும் ரெண்டு பேரும் அப்படித்தான் மாத்திப் போட்டாங்க."

ஈனிட் கிலியனைப் படுக்க வைத்து வயிற்றில் கைவைத்தாள். தலை இறங்கியிருந்தது.

வெளியே கார் ஹாரன் அலறியது. கிளைவ் கதவைத் தட்டினார்.

"பத்திரிகைக்காரங்க காத்திருக்காங்க, ஈனிட்."

"காத்திருக்கட்டும். செவ்வாய்க்கிழமை உறுதிமொழி எடுக்குற வரைக்கும் நான் இங்கதான்."

"அதுக்குள்ள பொறந்துருமா?" என்றாள் கிலியன்.

"அது உள்ள இருக்கறவர் கையில."

சனி முழுதும் ஈனிட் வீட்டுக்குள் நடந்துகொண்டே இருந்தாள். தொலைபேசி மணியடிக்கும்போதெல்லாம் ஓடினாள், எல்லாம் வாழ்த்துகள்தான். ஞாயிறு மதியம் கிலியனின் கணவன் அழைத்தான். மாலை நான்கு மணிக்குப் பெண் குழந்தை பிறந்தது.

"இவளுக்கு உங்க பேரு வைக்க மாட்டேன். கோபம் இன்னும் போகல" என்றாள் கிலியன்.

"வேண்டாம். வார்டு மூடாம இருந்தா, அடுத்ததுக்கு வைங்க."

திங்கள் காலை, பிரசவம் பார்த்தே பழகிய கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல், ஈனிட் லண்டன் ரயிலில் உட்கார்ந்திருந்தாள்.