நாயை இறுக்கிக் கட்டவும்

அண்ணிக்குக் கிடைத்த முதல் மொழிபெயர்ப்பு வேலை, கொழுந்தனின் பட்டறைக்கு வந்த, இரும்பைக் கடையும் புது லேத்தின் ஆங்கிலக் கையேடு. இரண்டு மாதம் அகராதியும் கையுமாக உட்கார்ந்து முடித்துக் கொடுத்தாள். அச்சாகி வந்ததும் அதில் ஒரு பக்கத்தைப் பெரிதாக்கிப் பட்டறை வாசலில் ஒட்டினார்கள்.

மறுநாள் மாலை கொழுந்தன் சிரித்துக்கொண்டேதான் வீட்டுக்குள் நுழைந்தான்.

"அண்ணி, நம்ம வாட்ச்மேன் இன்னிக்கு பட்டறை நாயைத் துரத்தித் துரத்திப் பிடிச்சுக் கட்டிப்போட்டுட்டார். ஏன்னு கேட்டா நீங்க எழுதினதைக் காட்டுறார்."

"நான் என்ன எழுதினேன்?"

"இயந்திரத்தை ஓட்டும் முன் நாயை இறுக்கிக் கட்டவும்."

அண்ணியின் முகம் சுருங்கியது. "புத்தகத்துல 'டாக்'னுதானே இருந்துச்சு?"

"டாக்தான். ஆனா அது குரைக்காது."

காலையில் அவனுக்கு முன்பே செருப்பை மாட்டிக்கொண்டு நின்றாள். அந்த நாயை நேரிலேயே பார்த்துவிடுவது என்று முடிவு.

அது ஓர் இரும்பு வளையம். மேலே ஒரு போல்ட், பக்கத்தில் வளைந்த ஒரு கை. கொழுந்தன் ஒரு கம்பியை வளையத்துக்குள் நுழைத்து, போல்ட்டை முறுக்கி, லேத்தின் இரண்டு கூர் முனைகளுக்கு நடுவே கம்பியை மாட்டினான். வளைந்த கை, சுழலும் தட்டின் வெட்டுக்குள் போய் உட்கார்ந்தது. சுவிட்சைப் போட்டதும் தட்டு அந்தக் கையை இழுக்க, கம்பியும் கூடவே சுற்றியது.

"இது இல்லன்னா தட்டு மட்டும் சும்மா சுத்தும், கம்பி அசையாது. புரியுதா?"

"புரியுது. இந்த வளைஞ்ச கைக்கு என்ன பேரு?"

கொழுந்தன் தலையைச் சொறிந்தான். "வால்."

"வாலும் இருக்கா! அப்ப நான் எழுதினது பாதி சரி." அண்ணிக்குத் தெம்பு வந்துவிட்டது. "நேத்து பெரிய அகராதியில தேடினேன். கவ்விப் பிடிக்கிற இரும்புச் சாமான் பலதுக்கும் இங்கிலீஷ்காரங்க அந்தக் காலத்துலேர்ந்தே நாய்னு பேர் வெச்சிருக்காங்க. கடிச்சா விடாதுன்னு வெச்சிருக்கலாமாம், உறுதியாத் தெரியலையாம். நீங்க இங்க என்ன சொல்றீங்க?"

"கேரியர்."

"அப்படி எழுதியிருந்தா வாட்ச்மேன் சாப்பாடு வரும்னு தட்டைக் கழுவி வெச்சிருப்பார்."

பக்கத்து லேத்துக்காரர்கள் கொழுந்தனைப் பார்த்துச் சிரித்தார்கள். அண்ணி வாசலுக்குப் போய், 'நாயை இறுக்கிக் கட்டவும்' என்பதை அடித்துவிட்டு, 'கவ்வியை இறுக்கிப் பொருத்தவும்' என்று எழுதினாள்.

"கவ்வி..." கொழுந்தன் சொல்லிப் பார்த்தான். "கவ்வியை எடு, கவ்வியை இறுக்கு. பரவாயில்லையே அண்ணி, வாயில வருது."

வாட்ச்மேன் முழங்கைக் கீறலைக் காட்டினார். "முதல்லயே இப்படி எழுதியிருந்தா இது விழுந்திருக்காதேம்மா!"

"மன்னிச்சுக்குங்கய்யா," என்றாள் அண்ணி, உண்மையிலேயே வருத்தப்பட்டு.

அதற்குள் மேஸ்திரி கையேட்டை விரித்தபடி வந்தார். "அம்மா, வந்ததே நல்லதாப் போச்சு. இருபதாம் பக்கத்துல 'இறந்த மையத்துக்கு எண்ணெய் விடவும்'னு போட்டிருக்கு. 'டெட் சென்டர்'ங்கிற, சுத்தாம நிக்கிற அந்தக் கூர் முனையைத்தானே சொல்றீங்க? பசங்க யாரு தவறிட்டாங்கன்னு கேக்குறாங்க."

அண்ணி ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முதல் பக்கத்தைத் திருப்பினாள். கொழுந்தன் பென்சிலைச் சீவிக் கொடுத்தான்.