அளவுக்கு ஓர் ஆள்

அருங்காட்சியகத்தின் மூன்றாம் கூடத்தில் கடல்தேளின் ஓவியம் ஒரு சுவரையே அடைத்துக் கிடந்தது. இரண்டரை மீட்டர் உடல், துடுப்புக் கால்கள், முன்னே நீண்ட கொடுக்கு. டைனோசர் தலைகாட்டும் முன்பே பூண்டோடு அழிந்த கூட்டம். தேளுக்கும் சிலந்திக்கும் ஒருவகையில் பங்காளி. பக்கத்தில், அளவு புரிவதற்காக, கையைத் தூக்கி நிற்கும் ஒரு பெண்ணின் கறுப்பு நிழலுருவம்.

வரைந்தவன் அங்கேயே வேலை பார்க்கும் ஓவியன். நிழலுருவம் அவன் மனைவியுடையது. ஒருநாள் வீட்டுச் சாவி வாங்க வந்தவளைச் சுவரோடு நிறுத்திப் பென்சிலால் சுற்றிக் கோடு இழுத்தான். "சீக்கிரம்ப்பா, கை கழண்டு விழுது" என்று சிரித்தாள். போன வருடம் காய்ச்சலில் போய்விட்டாள். வீட்டுப் புகைப்படங்களில் எல்லாம் மார்பளவுதான். முழு ஆளாக இருந்தது இந்தச் சுவரில் மட்டும். அது அவன் ஒருவனுக்கே தெரியும்.

"தம்பி, நம்ம பூச்சி சின்னதாப் போச்சு" என்றபடி வந்தார் கூடத்தின் பொறுப்பாளரம்மா.

அந்த இனத்தில் கல்லில் கிடைத்தது கொடுக்கு மட்டுமே. உடல் நீளம், உறவு இனங்களை வைத்துப் போட்ட கணக்கு. புதிய ஆய்வு அதில் கால்வாசியை வெட்டிவிட்டது.

கண்ணாடிப் பெட்டிக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்த தச்சர் திரும்பினார். நெட்டை உடம்பு; எல்லோரும் அவரை ஏணி என்றே கூப்பிடுவார்கள்.

"பூச்சிய எதுக்கு அழிக்கணும்? அந்தப் பொம்பளைய உசத்திடு. என் உசரத்துக்கு இழுத்துவிட்டா எனக்கும் சிலை வெச்ச மாதிரி ஆச்சு."

பொறுப்பாளரம்மா சிரித்துவிட்டார். "அதுவும் சரிதான். விகிதம் சரியா வந்தாப் போதும். திங்கக்கிழமை பள்ளிக்கூடப் பிள்ளைங்க வருது."

"ஆளை மாத்த வேணாம் மேடம். பூச்சியத் திரும்ப வரையறேன்."

"முழுசாவா? கிறுக்கா உனக்கு? ஞாயித்துக்கிழமையும் வரணும்."

"வீட்ல எனக்கு என்ன வேலை?"

ஏணியின் சுத்தியல் நின்றது. "யாருப்பா அது, இப்படி மல்லுக்கு நிக்கிற?"

"உயரம் சரியாத் தெரிஞ்ச ஆளு."

அம்மா அவனை ஒரு கணம் பார்த்தார். "சரி. திங்கக்கிழமை சுவர் மொட்டையா இருந்தா நீதான் பதில் சொல்லணும்."

அவர்கள் போனபின் வால்முள்ளிலிருந்து வெள்ளை அடிக்கத் தொடங்கினான். துடுப்புகள் மறைந்தன, கண்கள் மறைந்தன. கொடுக்கை மட்டும் விட்டான். அதன் அளவு மாறவில்லை.

சுவரில் இப்போது அவளும் ஒரு கொடுக்கும்தான். புதிய கோடு போட அளவு வேண்டும். நாடாவை அவள் குதிகாலில் வைத்து உச்சிவரை இழுத்தான். தெரிந்த எண்தான்.

இன்னொரு முறை அளந்தான்.