பாக்டீரியாவுக்கு ஒரு வீடு

பள்ளிகளுக்கு அறிவியல் மாதிரிகள் செய்யும் பட்டறை அது. வார்ப்பு வேலை முன்கூடத்தில். வர்ணம் தீட்டுவது பின்னறையில், நான் மட்டும். மதியச் சாப்பாட்டையும் அங்கேயே முடித்துக்கொள்வேன். முன்கூடத்தில் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். போனால் எந்தப் பள்ளி, எத்தனை மார்க் என்று பேச்சு வரும். அச்சு கழுவ வந்தவள் நான். பத்தாவது முடித்ததாகச் சொல்லித்தான் தூரிகை கைக்கு வந்தது. உண்மையில் ஏழாவதோடு நின்றவள்.

அந்த வாரம் விலங்கு செல் இருபது தீட்டினேன். நடுவில் சிவப்பு நூல்கண்டு, அதைச் சுற்றி ஊதா வளையம். அதுதான் உட்கரு. அடுத்து பாக்டீரியா வந்தது. மாத்திரை போல நீள உடல், கெட்டிச் சுவர், ஒரு வால். நடுவில் அதே நூல்கண்டு, ஆனால் சுற்றி வளையம் இல்லை. வார்ப்பில் விட்டுப்போயிற்று என்று நினைத்தேன். அது அப்படி நட்டநடுவில் கிடப்பதைப் பார்க்கவும் சகிக்கவில்லை. பன்னிரண்டுக்கும் ஊதா வளையம் போட்டுவிட்டேன்.

மறுநாள் காலை மேற்பார்வை அக்கா அதில் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பின்னாலேயே அச்சு வார்க்கும் அண்ணன்.

“பாக்டீரியாவுக்கு யாரும்மா வீடு கட்டிக் கொடுத்தது? கதவு, ஜன்னல் வெக்கலையா?” என்றார் அண்ணன்.

“சும்மா இருங்கண்ணே.” அக்கா என்னைப் பார்த்தாள். “இதுக்கு உட்கருவே கிடையாதும்மா. இந்த நூல்கண்டு இருக்கே, மரபுப்பொருள், அது உறையில்லாம சும்மா கிடக்கும். மைட்டோகாண்ட்ரியாவும் இல்ல. அறை அறையா பிரிச்சு வெச்சிருக்கிறதெல்லாம் நம்ம உடம்பு, செடிகொடி செல்லுலதான். வித்தியாசமே அதுதானே?”

தூரிகை போயிற்று, இனி அச்சு கழுவ வேண்டியதுதான்.

“அக்கா, நான் பத்தாவது படிக்கல. ஏழாவதோட நின்னுட்டேன்.”

“தெரியுமே,” என்றாள் அக்கா.

“மார்க் மறந்துடுச்சுன்னு சொன்ன ஒரே ஆளு நீதான்,” என்று சிரித்தார் அண்ணன். “கைவேலை சுத்தமா இருக்குன்னுதான் தூரிகையைக் கொடுத்தோம். சாயங்காலத்துக்குள்ள சுரண்டிடு.”

போய்விட்டார்கள். தூரிகை கைக்கு வந்த நாளிலிருந்து, எட்டு மாதமாக, அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. எட்டு மாதமும் நான் சுவரைப் பார்த்துச் சாப்பிட்டிருக்கிறேன்.

மதியம் டிபன் டப்பாவோடு முன்கூடத்து வாசல்வரை போனேன். யாரோ பஸ்ஸைத் தவறவிட்ட கதையைச் சொல்ல, வட்டமே குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தது. இடைவெளி எதுவும் இல்லை. டப்பாவை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனேன்.

அக்கா நிமிர்ந்தாள். “என்னம்மா, தண்ணி வேணுமா?”

“ஆமாக்கா.”

பாட்டிலை வாங்கிக்கொண்டு திரும்பினேன். இன்னும் ஐந்துக்கு வளையம் சுரண்ட வேண்டியிருந்தது.