வாஷர் ஊழியம்

மகன் கடல் கடந்து ஊழியத்துக்குப் போகிறான் என்று சபை முழுக்கச் சொல்லி, மாலை போட்டு, அழுது அனுப்பிவைத்தாள் அம்மா. வந்து பதினோரு வாரம் ஆகிறது. இதுவரை நான் ரட்சித்த ஆத்துமாக்கள் பூஜ்யம்.

என் ஜோடி ஊழியன் ஒரு நெட்டையன். குளியலறை தவிர எங்கேயும் நாங்கள் தனித்தனியாகப் போகக்கூடாது என்பது சட்டம். இருவரும் டை கட்டிக்கொண்டு தெருவில் இறங்கினால் போதும், ஜன்னல் திரைகள் மளமளவென்று மூடும். தட்டித் தட்டி விரல் காய்த்ததுதான் மிச்சம்.

முதல் வாரம் திறந்தது ஒரே ஒரு கதவு. ஓய்வுபெற்ற பஸ் டிரைவர், தனிக்கட்டை.

"உள்ள வாங்க. ஆனா ஆண்டவர் பேச்சு எடுத்தீங்கன்னா வெளிய போயிடணும். குழாய் ஒழுகுது, பாக்கத் தெரியுமா?"

எனக்கு என்ன தெரியும்? மழையில் நிற்க மனமில்லாமல் தெரியும் என்றேன். நெட்டையன் டார்ச் பிடிக்க, நான் குழாயைப் பிரித்து, அவர் கொடுத்த வாஷரை மாட்டினேன். அடுத்த வாரம் அலமாரி நகர்த்தினோம். அதற்கடுத்த வாரம் ஜன்னல் கொண்டி. வாராந்திர அறிக்கையில் மட்டும் தவறாமல் எழுதினேன்: 'ஒரு வீடு. ஒரு மணி நேரம் போதனை.' பச்சைப் பொய்தான். கொண்டி மாட்டினோம் என்றா எழுத முடியும்?

போன வாரம் எங்கள் ஊழியக் கண்காணிப்பாளரின் கடிதம் வந்தது. ஞாயிறு ஆராதனைக்கு வருகிறார். நாங்கள் அழைத்து ஒருவராவது வராவிட்டால் இருவரும் ஊர் திரும்பலாம். மாலை போட்ட அம்மா முகத்தில் எப்படி முழிப்பேன்?

டிரைவர் வீட்டில் நெட்டையன் வாய் பொறுக்காமல் விஷயத்தைச் சொல்லிவிட்டான். அவர் கழன்றிருந்த கதவுக் கைப்பிடியைக் காட்டினார்.

ஞாயிறன்று ஆராதனையில், முதல் வரிசையில் அவர் உட்கார்ந்திருந்தார்! கண்காணிப்பாளருக்குத் தலைகால் புரியவில்லை. "பிரதர், சாட்சி சொல்லுங்க. இவங்க சொன்ன எந்த வார்த்தை உங்களைத் தொட்டுச்சு?"

டிரைவர் எழுந்தார். "பதினோரு வாரமா வர்றாங்க. ஆண்டவரைப் பத்தி ஒரு வார்த்தை பேசுனதில்ல. தங்கமான பசங்க."

கண்காணிப்பாளர் என் அறிக்கைகளைப் புரட்டினார். பதினோரு மணி நேரம் போதனை.

"இவங்க இருந்தா அடுத்த வாரமும் வருவேன்" என்றார் டிரைவர்.

அந்த வட்டாரத்துக்கே இந்த வருஷம் வந்த புது ஆள் அவர் ஒருவர்தானாம். கண்காணிப்பாளர் பெருமூச்சு விட்டு, போதனையைச் சிவப்பு மையால் அடித்து, 'வந்தவர்: ஒன்று' என்று எழுதிக்கொண்டார். அப்பாடா, தப்பித்தோம்.

அன்று சாயங்காலம், வாரம் ஒருமுறை வீட்டுக்குப் பேச அனுமதிக்கும் நேரம்.

"அம்மா, ஒருத்தர் வந்துட்டார்மா!"

"ஸ்தோத்திரம்!" அம்மா அழுதேவிட்டாள். "என்ன வசனம்டா சொன்னே?"

இன்னொரு பொய் சொல்ல எனக்குத் தெம்பில்லை. "வசனமெல்லாம் இல்லம்மா. அவர் வீட்டுக் குழாய்க்கு வாஷர் மாத்துனேன்."



"ஏன்டா, நம்ம வீட்டுக் குழாய் மூணு வருஷமா ஒழுகுதே" என்றாள். "ஒரு நாளாச்சும் எட்டிப் பாத்தியா?"